முப்பது விநாடி

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிறவள் நான்தான்.
"தண்ணீர்த் தொட்டி வாங்கப் போறீங்களா?" என்று
உங்கள் காதுக்குள் வந்து கேட்கிறேனே, அவள்.
தொட்டி வைக்க மொட்டைமாடி இல்லாதவரிடமும்
அதே பிரியத்தோடு கேட்பேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறை.
சுவரெங்கும் முட்டை அட்டை.
கீழே பட்டறையில் யாராவது புல்லட்டை உதைத்தால்
லூர்துநாதன் கையைத் தூக்குவார்.
"மறுபடி. கடைசி வார்த்தையில கொஞ்சம் சிரிச்சு."
ஒரு விளம்பரத்துக்கு நானூறு ரூபாய்.
சிரிப்புக்குத் தனியாக இல்லை.

ஆறரை மணிக் கடலூர் பஸ்ஸில்
பக்கத்து இருக்கைப் பையன்
சிப்காட் அடையாள அட்டையைக் கழற்றாமல்
காதில் ஒயரோடு கண்ணை மூடியிருந்தான்.
தொடையில் விரல் தாளம்.
தவளக்குப்பம் தாண்டியதும் தாளம் நின்றது.
முகத்தைச் சுளித்தான்.
ஒயரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்து எண்ணத் தொடங்கினான்,
உதடு அசைவது தெரிந்தது.
அவன் விரலிடுக்கில் எறும்பளவுக்கு
நான் பேசிக்கொண்டிருந்தேன்:
ஐந்து வருட உத்தரவாதம், பாசி பிடிக்காது.

மன்னிச்சுக்கோ தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதே குரல் பக்கத்திலிருந்தும் வந்தால்
பயந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன்.

முள்ளோடையில் போலீஸ்காரர் ஏறினார்.
பாட்டில் இருக்கிறதா என்று பைபையாகத் தடவி
என் இருமல் மருந்தை மட்டும்
திறந்து முகர்ந்துவிட்டுக் கொடுத்தார்.
தொண்டைதான் சார் சோறு போடுது என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

நான் விளம்பரம் கேட்பதில்லை.
மாதம் நூற்றுப்பத்தொன்பது கட்டுகிறேன்.
ஒரு தொட்டி பேசினால் மூன்று மாதத்துக்கு
எனக்கு என்னிடமிருந்து விடுதலை,
மிச்சத்தில் ஒரு டீ, இரண்டு வடை.
தணிகைவேல் இதைக் கேட்டுவிட்டு
"இட்லி சுட்டு விக்கிறவ
ஓட்டல்ல போய்ச் சாப்பிடற மாதிரி" என்றார்.
ஆமாம். மாவு எத்தனை நாள் புளித்ததென்று
சுடுகிறவளுக்குத்தானே தெரியும்.

குணவதி சிரிக்கவில்லை.
கோரஸில் எட்டாவது ஆளாக நிற்கிறவள்,
ஒரே ஒரு பாட்டைத் தனியாகப் பாடிக்
கடன் வாங்கி வெளியிட்டாள்.
"நீ கட்டற காசுல எனக்கு எவ்ளோ வருதுன்னு கேளேன்."
"எவ்ளோ?"
"ஒரு வருஷத்துக்கு முப்பத்தேழு ரூபா.
நூறு சேர்ந்தாத்தான் அனுப்புவாங்களாம்."
"ஓசியில கேக்கறவங்களால?"
"அதச் சொன்னா நீ குடிச்ச டீ ஜீரணமாகாது."
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.
"ஆனா ஒண்ணுடி. என் பாட்டப் பத்தி
இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் எழுதினார், ஓசியில கேட்டவர்.
பாட்டு முடிஞ்சதும் தொட்டிக்காரி வந்துட்டா,
அந்த வாய்க்கசப்புப் போக
உங்க பாட்டையே மறுபடி போட்டேன்னு எழுதியிருந்தார்."
எங்கள் இரண்டு பேருக்கும்
யாருக்கு யார் நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது
போன் ஒரு முறை அதிர்ந்தது.
கட்டணம் எடுக்க முடியவில்லை, வங்கிக் கணக்கில் இருப்பு இல்லை.
லூர்துநாதன் இந்த மாதக் காசை இன்னும் போடவில்லை.
பையன் திரும்பவும் ஒயரைச் செருகிக்கொண்டு தூங்கிப்போயிருந்தான்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் வெளுப்பாக.
என் காதில் குணவதி
கடைசிச் சரணத்தை இழுத்து முடித்தாள்.
ஒரு மூச்சு இடைவெளி.

"தண்ணீர்த் தொட்டி வாங்கப் போறீங்களா?"

தாண்டிப் போக வழியில்லை, முப்பது விநாடி.
ஒயரைப் பிடுங்காமல் கேட்டேன்.
கடைசி வார்த்தையில் அந்தச் சிரிப்பு,
உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் வந்திருக்கிறது.
அதற்குத் தனியாக ஏதாவது போட்டுத்தரச் சொல்லி
லூர்துநாதனிடம் கேட்க வேண்டும்.